துறைமுகமும் சத்திரமும்: முத்துக்குளித்துறையில் அந்நியரை ஏற்ற வரலாறு

முன்னுரை

தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திற்கு அருகில் உள்ள ஓர் எளிய விடுதியில் நாம் ஓரிரவு தங்க நேர்ந்தது. ஒற்றைக் கட்டில், ஒரு மின்விசிறி, சுவரில் உப்புக்காற்று அரித்த சுண்ணாம்பு, வேறொன்றும் இல்லை. வரவேற்பு மேசையிலிருந்த பதிவேட்டில் நான்கு கேள்விகள் இருந்தன. பெயர் யாது? எங்கிருந்து வருகிறீர்? எங்கே போகிறீர்? வந்த நோக்கம் யாது? நமக்கு முன்பாக அந்த மேசையருகே ஓர் இளைஞர் நின்றார். அவருடன் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். அவர் இந்தி பேசினார்; கட்டட வேலைக்கு வந்தவராகத் தோன்றினார். அறை இல்லை என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் வெளியேறினர். அடுத்து நின்ற நாம் குருவானவர் என்று அறிந்ததும், "வாருங்கள் ஐயா" என்று மேசையிலிருந்தவர் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னாலிருந்த பலகையில் சாவிகள் பல தொங்கின. நாம் ஒரு சாவியைப் பெற்றுக்கொண்டு மாடிக்குச் சென்றோம். ஒன்றும் பேசவில்லை.

அவ்விரவில் உறக்கம் வரவில்லை. அறையின் வெப்பம் மட்டும் அதற்குக் காரணமன்று. துறைமுக நகரங்களின் வரலாற்றை எழுதுவோர் கப்பல்களை எண்ணுவர், சரக்குகளை நிறுப்பர், கோட்டைகள் கைமாறிய ஆண்டுகளைக் குறிப்பர். கரையிறங்கிய மனிதன் அன்றிரவு எங்கே படுத்தான் என்று கேட்போர் சிலரே. ஆயினும் ஒரு நகரத்தின் நெஞ்சத்தை அறிய இக்கேள்வியே ஏற்றது என்பது நமது எண்ணம். முத்துக்குளித்துறை எனப்படும் நமது கடற்கரையில் அந்நியர் எவ்வாறு ஏற்கப்பட்டனர், எவ்வாறு விலக்கப்பட்டனர் என்பதையும், அவ்வரலாற்றில் திருச்சபையின் பங்கு யாது என்பதையும் இக்கட்டுரையில் சுருக்கமாக ஆராய முற்படுகிறோம்.

1. மத்தியதரைக் கடலின் துறைகளில் பவுல்

அப்போஸ்தலருடைய நடபடிகளை ஒரு பயணியின் கண்ணோடு வாசிப்போமாயின், அந்நூல் துறைமுகத் தங்குமிடங்களின் பட்டியலாகவே தோன்றும். யோப்பாவில் பேதுரு தங்கியது கடலோரத்தில் வாழ்ந்த தோல் பதனிடும் சீமோனின் வீட்டில் (அப். 9:43, 10:6). தோல் தொழில் யூதரிடையே தீட்டுக்குரியதாகக் கருதப்பட்டது. புறஜாதியாருக்குக் கதவு திறக்கப்படுவதற்கு முன்பே, பேதுரு தங்கியிருந்த வீடு ஒரு கதவைத் திறந்துவிட்டது என்று கூறலாம். தீருவில் பவுலும் உடன் சென்றோரும் சீஷரைத் தேடிக் கண்டுபிடித்து ஏழு நாள் தங்கினர் (21:3-4). பித்தொலோமாயில் ஒருநாள், செசரியாவில் பிலிப்புவின் வீட்டில் பல நாள் (21:7-10). சீதோனில், கைதியாகிய பவுல் நண்பரிடம் சென்று பராமரிப்புப் பெறுவதற்கு நூற்றுக்கு அதிபதியாகிய யூலியு இடங்கொடுத்தான் (27:3). இறுதியாக, இத்தாலியின் துறைமுகமாகிய புத்தேயோலியில் சகோதரரைக் கண்டு, அவர்கள் வேண்டிக்கொண்டபடி ஏழு நாள் தங்கினான் (28:13-14).

இப்புத்தேயோலி அக்காலத்தில் எகிப்தின் தானியக் கப்பல்கள் வந்து சேர்ந்த பெருந்துறை. கீழ்த்திசை வணிகர் பலர் அங்கே தத்தம் ஊரார்க்கெனத் தங்குமிடங்களை வைத்திருந்தனர். கி.பி. 174-இல் அங்கிருந்த தீரு நாட்டு வணிகர், தங்கள் நிலையத்தின் வாடகையைச் செலுத்த இயலவில்லை என்றும் தாய்நகரம் உதவ வேண்டும் என்றும் தீருவின் ஆட்சிமன்றத்திற்கு எழுதிய மடல் கல்வெட்டாக நமக்குக் கிடைத்துள்ளது. அயலூரில் வாடகைக்கு அஞ்சுதல் இன்று தோன்றிய துன்பமன்று.

சொல்லாராய்ச்சி ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். நமது பழைய தமிழ் வேதாகமத்தில் 'சத்திரம்' என்னும் ஒரே சொல் லூக்கா நற்செய்தியின் இரண்டு இடங்களில் வருகிறது. மரியாளுக்கும் யோசேப்புக்கும் இடமில்லாதிருந்தது சத்திரத்தில் (லூக். 2:7). குற்றுயிரான மனிதனைச் சமாரியன் கொண்டுபோய்ச் சேர்த்ததும் சத்திரத்தில் (10:34). ஆனால் கிரேக்க மூலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு சொற்கள். முன்னது 'கத்தாலுமா': விருந்தினர் தங்கும் அறை. கடைசி இராப்போஜனம் நடைபெற்ற மேலறையைப் பற்றி ஆண்டவர் கேட்கும்போதும் இச்சொல்லே வருகிறது (22:11). பின்னது 'பந்தோக்கெயோன்': எல்லாரையும் ஏற்கும் இடம் என்பது அதன் சொற்பொருள். இரண்டாவது சொல்லே அரபியில் 'ஃபுந்துக்' என்றும், இத்தாலிய மொழியில் 'ஃபோந்தாக்கோ' என்றும் திரிந்து, அலெக்சாந்திரியா முதல் வெனிஸ் வரை மத்தியதரைக் கடலின் துறைகளில் அயல்நாட்டு வணிகர் தங்கிய மனைகளுக்குப் பெயராயிற்று. பெயர் எல்லாரையும் ஏற்பது. நடைமுறையோ இன்ன நாட்டார்க்கு இன்ன மனை என்று பிரித்தது. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இந்த இடைவெளியையே நமது கடற்கரையிலும் காணப்போகிறோம்.

2. கொற்கையும் காயலும்

பவுல் புத்தேயோலியில் இறங்கிய தலைமுறையிலேயே, மன்னார் வளைகுடாவைச் சார்ந்த ஓர் உபசரிப்பைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில் கூறுகிறார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அன்னியுஸ் பிளோக்காமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவன், அரபிக் கரையோரம் பயணஞ்செய்கையில் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் தீவின் இப்பூரோஸ் என்னும் துறையை அடைந்தான். அந்நாட்டு அரசன் அவனை ஆறு மாதம் உபசரித்தான். அவன் அம்மொழியையும் கற்றுக்கொண்டான். அத்துறையை நமது கரைக்கு எதிரேயுள்ள குதிரைமலையாகவும், அன்னியுஸ் குடும்பத்தைப் புத்தேயோலி நகரத்து வணிகக் குடும்பமாகவும் அறிஞர் கருதுவர். இத்தாலியத் துறையில் அந்நியனாகிய பவுலுக்கு ஏழு நாள். நமது வளைகுடாவில் அந்நியனாகிய இத்தாலியன் வீட்டு ஊழியனுக்கு ஆறு மாதம். விருந்தோம்பல் எந்த ஒரு சமயத்தாரின் தனியுடைமையும் அன்று என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு நினைவூட்டுகிறது.

ஆயினும் அதே நூற்றாண்டின் 'எரித்திரையக் கடல் வழிநூல்' மறுபக்கத்தையும் காட்டுகிறது. பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளித்தலுக்குத் தண்டனை பெற்ற கைதிகள் பயன்படுத்தப்பட்டனர் என அது குறிப்பிடுகிறது. முத்தை வாங்க வந்த யவனருக்கு வரவேற்பு இருந்தது. முத்தை எடுத்தவனுக்குச் சிறை இருந்தது.

கொற்கைத் துறை மணல் தூர்ந்து கடலைவிட்டு விலகியபின் காயல் எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயலின் அரசன் அயல் வணிகரை நீதியோடு நடத்துவதாகவும், ஆகவே அவர்கள் விரும்பி வருவதாகவும் எழுதினார். முத்துக்குளிப்பில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறா மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதை அவர் கூறுகிறார். கொற்கையும் பழைய காயலுமே இப்பழந்துறைகள் என்பதை 19-ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்து நிலைநாட்டியவர் நமது பேராயர் கால்டுவெல் ஆவார். அவர் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறு இன்றும் ஆராய்ச்சியாளருக்கு இன்றியமையாதது.

3. சலாபக் கொட்டகைகள்

முத்துச் சலாபம் நடைபெற்ற ஆண்டுகளில், கடற்கரை மணலில் சில வாரங்களுக்குள் ஒரு நகரமே எழுந்தது. பனையோலைக் கொட்டகைகள் தெருத்தெருவாய் அமைந்தன. பரதவக் கிறிஸ்தவரும், கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் குளியாளராக வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகர், வட்டிக்குக் கொடுப்போர், துளையிடுவோர், அரிசி விற்போர், பிச்சைக்காரர் ஆகியோரும் வந்து கூடினர். நள்ளிரவுக்குப்பின் கரைக்காற்றில் படகுகள் புறப்பட்டன. நண்பகலுக்குப்பின் கடற்காற்றில் திரும்பின. காலில் கல்லைக் கட்டி இறங்கும் குளியாள் ஒரு நிமிட அளவே நீரடியில் இருந்தான். அந்நிமிடத்தில் அவன் வாரிய சிப்பிகளில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளர் தரப்புக்கும் சென்றன.

சிப்பிகள் அழுகும் நாற்றமும் ஈக்களும் நிறைந்த அக்கொட்டகைகளில் கொள்ளைநோய் தோன்றினால் சலாபமே கலைந்தது. நோயுற்றவர் எங்கிருந்து வந்தவர் என்பதைக்கூட யாரும் அறியாதிருந்ததுண்டு. சலாபம் முடிந்தபின் ஓலைகளைக் காற்று கொண்டுபோயிற்று. நகரம் இருந்த தடமும் இல்லை. 1955 முதல் 1961 வரை நடைபெற்ற தொடர்ச்சியான சலாபங்களே தூத்துக்குடிக் கடலில் நடைபெற்றவற்றுள் இறுதியானவை. 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்தை வளர்க்கும் முறையில் வெற்றி கண்டனர். ஆனால் சலாபக் கொட்டகை மீண்டும் எழவில்லை.

பவுல் கூடாரத் தொழிலாளி என்பதை நாம் அடிக்கடிப் பிரசங்கிக்கிறோம். கொட்டகையில் வாழ்பவனின் அச்சம் என்ன, நோய் வந்தால் யார் தண்ணீர் கொடுப்பார் என்ற கேள்வியை அப்பிரசங்கங்களில் எழுப்பியிருக்கிறோமா? நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டும்.

4. விருந்தினராய் வந்தவரும் வீட்டுக்கு உரிமை கோரியவரும்

இக்கரையின் பரதவர் 1535-க்கும் 1537-க்கும் இடையே திரளாக ஞானஸ்நானம் பெற்றனர். கடலில் தங்களை நெருக்கிய போட்டியாளரிடமிருந்து போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை அவர்கள் நாடியது அதன் உடனடிக் காரணமாகும். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது, ஞானஸ்நானம் இருந்தது, போதனை இல்லை. தமிழறிந்த சிலரின் துணையோடு விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் ஜெபங்களையும் தமிழில் அமைத்து, அவர் ஊர் ஊராய் நடந்து சென்று, மீனவர் கொடுத்ததை உண்டு, அவர்களிடையே தங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பேரரசின் கப்பற்படை இருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் இக்கரையின் மக்கள் நினைவில் அவர் படையோடு வந்தவராக அன்று, தங்கள் வீட்டு விருந்தினராகவே நிலைத்துள்ளார்.

1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அப்படையெடுப்போடு வந்தவர் சீர்திருத்த சபையின் குருவாகிய பிலிப்புஸ் பல்தேயுஸ். இவர் கல்விமான், பின்னர் யாழ்ப்பாணத்தில் 1665 வரை பணியாற்றினார். 1672-இல் வெளிவந்த அவரது நூல் மலபார், சோழமண்டலக் கரைகளையும் இலங்கையையும் பற்றிய அரிய ஆவணமாகும். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்ட நிலையில், பரதவரைச் சீர்திருத்த சபைக்குத் திருப்ப அவர் முயன்றார். மக்கள் செவிகொடுக்கவில்லை. தம் குருக்களைத் தேடி டச்சு ஆட்சி எட்டாத உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றனர்.

புராட்டஸ்டண்டு மரபினராகிய நாம் இத்தோல்வியை நேர்மையாக நோக்கவேண்டும். பல்தேயுஸின் உபதேசம் வேதத்திற்கு இசைந்ததா என்பது ஒரு கேள்வி. அவர் எந்த நிலையில் நின்று உபதேசித்தார் என்பது மற்றொரு கேள்வி. அவர் விருந்தினராய்க் கதவைத் தட்டவில்லை. வீட்டைப் பிடித்தவர்களோடு உள்ளே நுழைந்தார். புத்தேயோலியில் பவுல் சங்கிலியோடு வந்தான். சகோதரர் வேண்டிக்கொண்டதால் தங்கினான். தூத்துக்குடியில் நமது மரபு பீரங்கியோடு வந்தது. எவரும் தங்கும்படி வேண்டிக்கொள்ளவில்லை. அடிப்படை வேறுபாடு இதுவே.

டச்சுக்காரர் 1750-இல் கட்டிய ஆலயம் இன்றும் பரிசுத்த திரித்துவ ஆலயமாக நிற்கிறது. தூத்துக்குடி 1782-இலும் 1795-இலும் ஆங்கிலேயர் கைக்கு வந்து, இருமுறையும் டச்சுக்காரருக்குத் திரும்பி, 1825-இல் இறுதியாக ஆங்கிலேயரைச் சேர்ந்தது. அவ்வாலயமும் ஆங்கிலத் திருச்சபைக்கு வந்து, 1947-க்குப்பின் தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயமாயிற்று. வீட்டைப் பிடித்தவர்கள் சென்றுவிட்டனர்; அவர்கள் கட்டிய வீட்டில் இக்கரையின் மக்கள் தங்கள் மொழியில் ஆராதிக்கிறார்கள்.

5. போட் மெயில் நாட்களும் தட்டப்பாறை முகாமும்

1876-இல் தென்னிந்திய இருப்புப்பாதை தூத்துக்குடியை எட்டியது. சென்னையிலிருந்து ரயிலில் வந்து, இங்கே கப்பலேறி, ஏறத்தாழ 150 மைல் கடந்து கொழும்பை அடையும் வழி அன்று முதல் பெருவழியாயிற்று. ரயிலும் கப்பலும் இணைந்த இப்பயணமே 'போட் மெயில்' எனப் பெயர்பெற்றது. கரையோரம் ஆழமின்மையால் நீராவிக் கப்பல்கள் ஐந்து மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டன. பயணிகள் சிறு கலங்களில் அலையோடு போராடிச் சென்று ஏறவேண்டியிருந்தது. காற்று மிகுந்தால் கரையில் காத்திருத்தல் தவிர வேறு வழியில்லை.

அவ்வாறு காத்திருந்தவர் எங்கே தங்கினர்? தேயிலைத் தோட்டத் துரைமாருக்குப் பயணியர் பங்களாவும், ரயில் நிலையத்தின் மேல்வகுப்பு அறைகளும் இருந்தன. வணிகருக்கு அவரவர் இனத்தார் வைத்த சத்திரங்கள் இருந்தன. சத்திரங்கள் நமது நாட்டின் உயரிய தருமங்களுள் ஒன்று; மங்கம்மாள் பெயரை மதுரைச் சீமை இன்றும் வாழ்த்துவது சாலைக்காகவும் சத்திரத்திற்காகவுமே. ஆயினும் சத்திரத்தின் சமையலறையும் பந்தியும் சாதியின்படியே பிரிந்திருந்தன. திண்ணையோடு நின்றவர் உண்டு. திண்ணையையும் தொடக்கூடாதவர் உண்டு.

மிகப் பெருந்திரளாய் வந்தவர் தோட்டத் தொழிலாளர். 1876-78 பஞ்சத்தின்போதும் அதன்பின்னும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து கங்காணிகளின்பின் புறப்பட்டோர் எண்ணற்றோர். முன்னர் அவர்களில் பலர் பாம்பன் வழியாய் மன்னாரை அடைந்து, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தனர். வழியில் மடிந்தோர் பலர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோயின் அச்சத்தால் அந்த வடவழி மூடப்பட்டபின், தூத்துக்குடி வழியே முதன்மை பெற்றது. மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தட்டப்பாறையில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோர்க்கென முகாம் அமைந்தது. மருத்துவச் சோதனை, தடுப்பூசி, உடைமைகளுக்குப் புகையூட்டல் ஆகியவை நடைபெற்றன. கூரையும் சோறும் கிடைத்தன. அதற்காக நன்றி கூறியோரும் இருந்திருப்பர். ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு தொழிலாளரின் கழுத்தில் தொங்கியது. பதிவேட்டின் முதல் கேள்வி பெயர் என்று முன்பு கூறினோம். அக்கேள்வியே இங்கே அற்றுப்போயிற்று. எந்தத் தோட்டத்துச் சரக்கு என்பதே கேள்வியாயிற்று.

இக்கடல்வழியே சுதேசிப் போராட்டத்தின் களமும் ஆயிற்று. வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, மறு ஆண்டில் இரு கப்பல்களை ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது. 1908 மார்ச்சில் அவர் கைதானார். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி - தலைமன்னார் வழி தொடங்கியதும், போட் மெயிலின் பெயரும் பெருமையும் அங்கே சென்றன.

6. திருச்சபை கட்டிய அடைக்கலங்கள்

இக்காலமெல்லாம் நமது திருச்சபை என்ன செய்தது? முதலில் நன்றியோடு நினைக்கவேண்டியவை உள்ளன. விசுவாசத்தின் பொருட்டு வீடிழந்தோருக்காகத் தாவீது சுந்தரானந்தம் 1799-இல் ஏற்படுத்திய முதலூர், திருநெல்வேலித் திருச்சபையின் முதல் அடைக்கல ஊர். சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் என எழுந்த ஊர்கள் அதே வழியில் வந்தவை. துரத்தப்பட்டவன் இரவில் வந்து சேர ஓர் இடம் இருக்கவேண்டும் என்னும் எண்ணத்தில் தோன்றிய சபை நமது சபை. 1854-இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரிடையே திருப்பணி தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்தே உபதேசிமார் கடல் கடந்து சென்றனர். லயன் அறைகளில் வாழ்ந்தோரை அவர்கள் பெயர்சொல்லி அறிந்தனர். 1883-இல் சாயர்புரத்துக் கல்லூரி தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டு, கால்டுவெல் கல்லூரி எனப் பெயர்பெற்றது. முதிர்ந்த வயதில் பேராயரும் இங்கே வந்து தங்கினார். கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு நகரத்தில் கிடைத்த முதல் கூரை மிஷன் போர்டிங்கின் கூரையே.

வருத்தத்தோடு நினைக்கவேண்டியவையும் உள்ளன. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று பேராயர் தானியேல் வில்சன் 1833-இல் சுற்றுமடல் விடுத்தார். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனெரிகள், உடனுண்ணலையே அதற்குச் சோதனையாக வைத்தனர். ஏன்? ஒரே வேதத்தை வாசிக்க இசைந்தவர், ஒரே பாட்டைப் பாட இசைந்தவர், ஒரே பந்தியில் உட்கார இசையவில்லை என்பதனால்தான். உடனுண்ணலைக் கட்டளையாய் விதித்தது சரியா என்ற வாதம் அன்றே எழுந்தது. அவ்வாதத்தில் இரு தரப்பிலும் பக்தியுள்ளோர் இருந்தனர். ஆயினும் பந்தியில்தான் நமது விசுவாசம் இடறிற்று என்பதை எவரும் மறுக்க இயலாது.

உடனுண்ணலைப் போதித்தவர்களின் மேசையும் திறந்திருக்கவில்லை. 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், இக்கரைக்கு அணித்தான வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா பேசினார். அப்போது அவருக்கு வயது 35. மிஷனெரிகளின் தியாகத்தை அவர் புகழ்ந்தார். அதே வேளையில், இந்திய உடனூழியரைத் தம் வீட்டு மேசைக்கு அழைக்கும் தோழமை அரிதாயிருப்பதைத் துணிவோடு எடுத்துக்காட்டி, தங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முடித்தார். கேட்டோர் சிலர் சினந்தனர். எனினும் அவ்வுரை இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றின் ஒரு திருப்பமாயிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப்பின் அவர் ஆங்கிலத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவர் எழுப்பிய பொருள் அதிகாரமோ பணமோ அன்று. உட்காரும் இடமும் உண்ணும் மேசையுமே.

7. தற்காலிகமாய்த் தொடங்கி நிலைத்தவை

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என்று வகுத்தது. தட்டப்பாறை வழியாய்ச் சென்றோரின் பேரப்பிள்ளைகள், தாங்கள் கண்டிராத நாட்டுக்குத் 'திரும்பி' வந்தனர். அதே ஆண்டு டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததால், அவர்கள் பின்னர் இராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமைக் கண்டனர். 1983-க்குப்பின் போரினால் துரத்தப்பட்டோர் படகுகளில் வந்தனர். தூத்துக்குடி மாவட்டத்தின் தாப்பாத்தி போன்ற இடங்களில் முகாம்கள் எழுந்தன. சில மாதங்களுக்கென்று அமைந்த அம்முகாம்களில், அங்கேயே பிறந்தோர் இன்று பெற்றோராயிருக்கின்றனர். 2021-இல் தமிழக அரசு அவற்றை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது நல்ல செயலே. ஆயினும் பெயர் மாறினும், நாற்பதாண்டு விருந்தினராயிருத்தல் எளிதன்று.

துறைமுகமும் மாறிவிட்டது. 1974-இல் பெருந்துறைமுகமாய் அறிவிக்கப்பட்ட புதிய துறை, 2011-இல் வ. உ. சிதம்பரனார் பெயரைப் பெற்றது. அவ்வாண்டு ஜூனில் கொழும்புக்கு மீண்டும் தொடங்கிய பயணிகள் கப்பல் சில மாதங்களில் நின்றுபோயிற்று. 2020-இல் கொள்ளைநோய் உலகை அடைத்தபோது, கடலோடிகள் பலர் கரையிறங்க அனுமதியின்றி மாதக்கணக்கில் கப்பல்களிலேயே இருந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், கொழும்பில் தவித்த ஏறத்தாழ 700 இந்தியர் ஜலாஷ்வா என்னும் கடற்படைக் கப்பலில் தூத்துக்குடியில் வந்திறங்கினர். பழைய வழியில் ஒரு புதிய காத்திருப்பு. இன்றோ துறைமுகத்திலும், அனல்மின் நிலையங்களிலும், கட்டடப் பணிகளிலும் வடமாநிலத் தொழிலாளர் உழைக்கின்றனர். ஒரு காலத்தில் நம் மக்கள் கொழும்பின் கரையில் எந்நிலையில் நின்றனரோ, அந்நிலையில் அவர்கள் நமது கரையில் நிற்கின்றனர்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, அந்நியரை உபசரித்தல் வேதத்தில் சபையின் அலங்காரமாக அன்று, அதன் இலக்கணமாகவே வருகிறது (ரோமர் 12:13, எபி. 13:2). சகோதரரை ஏற்காமலும், ஏற்க மனதுள்ளோரைத் தடைசெய்தும் வந்த தியோத்திரேப்பு கண்டிக்கப்பட்டது உபதேசப் பிழைக்காக அன்று, கதவை மூடியதற்காகவே (3 யோவா. 9-10).

இரண்டாவது, ஆதிச்சபை இதில் விவேகத்தையும் கைவிடவில்லை. 'பன்னிருவர் போதனை' எனப்படும் திதாகே, வழிப்போக்கன் இரண்டு மூன்று நாள் தங்கலாம் என்றும், நிலையாய்த் தங்க விரும்பினால் உழைக்கட்டும் என்றும் விதித்தது. ஏமாற்றுவோர் உண்டென்பதை அவர்கள் அறிவர். அறிந்தும் கதவை அடைக்கவில்லை, முறையை வகுத்தார்கள். இக்காலத்தில் ஏமாற்றுவோர் மிகுதி என்று நாம் கூறும் சாக்குப்போக்கு, முதல் நூற்றாண்டிலேயே விடை பெற்றுவிட்டது.

மூன்றாவது, வீட்டுக்காரராய் மட்டும் நிற்கும் சபை தன் தொடக்கத்தை மறக்கிறது. நாம் இக்கரையில் முதலில் விருந்தினர். முதலூரின் மணலில் கூரை பெற்றவர்களின் சந்ததியார் நாம். பெற்றதை நினைப்பவனே கொடுக்க அறிவான்.

இவற்றைக் குருத்துவப் பயிற்சி பெறும் இளையோர் முன்பாகச் சிறப்பாக வைக்கிறோம். நீங்கள் பொறுப்பேற்கும் சேகரத்தில், வேற்றுமொழி பேசும் தொழிலாளர் எத்தனை பேர் எங்கே படுக்கின்றனர் என்று நடந்துபோய்ப் பாருங்கள். ஆலயத்தின் அசனப் பந்தியில் அவர்களுக்கு இலை போடப்படுகிறதா என்று பாருங்கள். குருவின் வீட்டில் ஒரு பாய் கூடுதலாக இருக்கட்டும். இவை சிறிய காரியங்கள். ஆனால் புத்தேயோலியின் சகோதரர் செய்ததும் ஏழு நாள் தங்கவைத்தது மட்டுமே. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அச்செயல் வேதத்தில் எழுதப்பட்டுள்ளது.

தூத்துக்குடி விடுதியில் நாம் செய்திருக்கவேண்டியது யாது? பலகையிலிருந்த சாவிகளைச் சுட்டிக்காட்டி, அந்தக் குடும்பத்திற்கு ஓர் அறை கேட்டிருக்கலாம். அது மறுக்கப்பட்டிருந்தால், அருகிலுள்ள சேகர குருவானவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் நமக்குக் கிடைத்த சாவியோடு மாடி ஏறினோம். வரலாற்றில் பிறர் மூடிய கதவுகளை எண்ணிக் காட்டும் தகுதி, அன்று நாம் மூடிய வாயையும் சேர்த்து எண்ணினாலன்றி நமக்கு இல்லை. அக்குடும்பம் அன்றிரவு எங்கே தங்கிற்று என்பதை நாம் அறியோம். அடுத்த முறை அறியவேண்டும் என்பதே நமது ஜெபம்.